ஆக்சலோட்டல் சாப்பிட மறுக்கிறதா? மருந்துக்கு முன் தண்ணீரைக் கவனியுங்கள்

சிரித்த வாயும், தலையின் இருபுறமும் மும்மூன்று இறகுச் செவுள்களும் கொண்ட ஆக்சலோட்டல், பிள்ளைகளின் பிடிவாதத்தால் நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. பார்வைக்குப் பல்லி போன்றது. உண்மையில் தவளைக்கு உறவான சாலமாண்டர். ஆயுள் முழுவதும் தண்ணீரிலேயே வாழும்.

மெக்சிகோ நகரின் தெற்கிலுள்ள சொச்சிமில்கோ நீர்நிலைகளே அதன் தாயகம். அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல், அதாவது கேமரன் மலையின் பிரிஞ்சாங் உச்சியைவிட உயரம். அதனால் 16 முதல் 18 டிகிரி தண்ணீர்தான் அதற்கு ஏற்றது. 24 டிகிரியைத் தாண்டினால் தாங்காது. நம் வீட்டுத் தொட்டியிலோ 28 டிகிரி சாதாரணம். கடைக்காரர்கள் விற்கும்போது இதைச் சொல்வது நல்லது.

வெப்பம் ஏறினால் தண்ணீரில் பிராணவாயு குறையும். மிச்ச உணவு அழுகி அமோனியா கூடும். செவுள்கள் முன்பக்கம் வளைவது, வால் நுனி சுருள்வது, உணவை மறுப்பது ஆகியவை முதல் அறிகுறிகள். செவுளில் பஞ்சு போல வெள்ளையாகப் படிந்தால் அது பூஞ்சை.

உடனே அதை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்ற வேண்டும். ஆன்ட்டி குளோரின் கலந்த குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, தினமும் முழுமையாக மாற்ற வேண்டும். உறைந்த தண்ணீர் போத்தலை இறுக மூடி மிதக்க விடலாம்; மேலே காற்றாடியும் வைக்கலாம். ஆனால் ஒரே மூச்சில் குளிர வைக்கக்கூடாது. ஐஸ் கட்டியை நேராகப் போடவும் கூடாது.

பூஞ்சைக்கு உப்புக் குளியல் உண்டு. ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் அயோடின் சேராத உப்பு 2 தேக்கரண்டி கரைத்து, 10 நிமிடம் விட்டு, நல்ல தண்ணீருக்கு மாற்ற வேண்டும். நாளுக்கு இரண்டு முறை போதும். துடித்தால் உடனே எடுத்துவிட வேண்டும். மீன் மருந்தை அப்படியே ஊற்றுவது ஆபத்து, அதன் தோல் எதையும் உறிஞ்சிவிடும்.

வளர்ந்த ஆக்சலோட்டல் சில நாள் பட்டினி தாங்கும்; வற்புறுத்த வேண்டாம். தேறியதும் மண்புழு கொடுக்கலாம், ஆனால் தோட்டத்தில் களைக்கொல்லி அடித்த இடத்துப் புழு வேண்டவே வேண்டாம். வயிறு சிவந்தாலோ உடல் வீங்கினாலோ, இத்தகைய பிராணிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

பூஞ்சை அரித்த செவுளைப் பார்த்துப் பிள்ளைகள் அழத் தேவையில்லை. தண்ணீர் சீரானால் சில வாரங்களில் அது மறுபடி முளைக்கும்.