குன்றிமணியில் பாதி!

பாட்டியின் மூட்டுவலிக்கு, "இந்தக் குழலில் நாலு இழுப்பு இழுத்தால் போதும், கஞ்சா எண்ணெய், அசல் மருந்து!" என்று யாராவது உங்களிடம் சொன்னால் என்ன செய்வீர்கள்? பதில் சொல்லுமுன் ஒரு பழைய சங்கதியைக் கேளுங்கள்.

கவரைப்பேட்டை வழியாக லாரிகள் பறக்கிறதே, அந்த நெடுஞ்சாலை வடக்கே கல்கத்தா வரை போகிறது. அங்கே மருத்துவக் கல்லூரியில் ஓஷானஸி என்று ஓர் ஐரிஷ் டாக்டர் இருந்தார். நம் நாட்டில் முதன்முதலில் தந்திக் கம்பி இழுத்தவரும் அவரே. வாதநோயாளிகள் மூவருக்குக் கஞ்சாப் பிசின் கொடுத்துப் பார்த்து, 1839-இல் அதை எழுதியும் வைத்தார். ஆளுக்கு ஒரு கிரெய்ன். அதாவது குன்றிமணி எடையில் ஏறக்குறையப் பாதி.

பிற்பகல் இரண்டு மணிக்குச் சாப்பிட்ட ஒருவர் நாலு மணிக்கு வாய் ஓயாமல் பேசினார், பாடினார். இரவு எட்டு மணிக்கு நினைவே இல்லை. கையைத் தூக்கிவிட்டால் தூக்கியபடியே நின்றது! நல்லவேளை, பிறகு தெளிந்துவிட்டார். இன்னொருவருக்கோ ஒன்றுமே ஆகவில்லை. விசாரித்தால், அவர் கஞ்சா புகைத்துப் பழகியவராம்!

ஆளுக்கு ஆள் இப்படி என்றால், மருந்தும் புட்டிக்குப் புட்டி மாறியது. திறந்து வைத்த பெருங்காய டப்பா மணம் இழப்பதில்லையா? அப்படித்தான். காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால், கஞ்சாவின் முக்கியச் சத்தான டி.எச்.சி. கொஞ்சம் கொஞ்சமாகச் சி.பி.என். என்ற வீரியம் குறைந்த பொருளாக மாறிவிடும். அந்த டி.எச்.சி.யைத் தனியே பிரித்தெடுத்ததே 1964-இல்தான். அதற்குள், 1932-இல், பிரிட்டிஷ் மருந்து நூலிலிருந்து கஞ்சா நீக்கப்பட்டுவிட்டது.

இப்போது மின்குழலுக்கு வருவோம். எண்ணெயைச் சுடவைத்து ஆவியாக இழுக்கிற சாதனம் அது. நீள இழுத்தால் அதிகம், குறைய இழுத்தால் கொஞ்சம். சூடு ஏறினால் வேறு கணக்கு. மாத்திரையைப் போல எண்ணிக் கொடுக்க முடியுமா?

எண்ணெயில் என்ன கலந்திருக்கிறது என்பது இன்னும் பெரிய கேள்வி. அமெரிக்காவில் 2019-லும் 2020 தொடக்கத்திலும் இத்தகைய குழல்களால் 2,800 பேருக்கு மேல் நுரையீரல் பாதித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கள்ளச் சரக்கு. எண்ணெயில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்மீதுதான் பலத்த சந்தேகம் விழுந்தது. வயிற்றுக்கு ஒத்துக்கொள்வது நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லையே!

நம் நாட்டில் மின்சிகரெட் தயாரிப்பதும் விற்பதும் 2019 முதல் குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். குழலை நீட்டுகிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ஓர் இழுப்பில் எவ்வளவு மருந்து? ஆறு மாதம் கழித்தும் அதே வீரியம் இருக்குமா? கூட என்ன கலந்திருக்கிறது?

விழிக்கிறாரா? அளவு தெரியாத மருந்து மருந்தே அல்ல. பாட்டியை டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.