முட்டை விலையும் பண்ணையாளர் மனநிலையும்

நாமக்கல் ஜில்லாவிலும் அதனை அடுத்த தாலுகாக்களிலும் நிலமுள்ள குடியானவர் அநேகர் பயிர்த்தொழிலுடன் முட்டைக் கோழிப் பண்ணையும் நடத்தி வருகின்றனர். வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போடுவதைப் பற்றியும் தீவனக் கலவையைப் பற்றியும் அவர்களுக்கு ஆலோசனை சொல்வோர் பலர் உளர். பண்ணையை நடத்துகிறவருடைய மனத்தில் உண்டாகும் ஏற்றத்தாழ்வுகளைப் பற்றிச் சொல்வோரோ அரியர். ஆயினும் ஒரு பண்ணை முறிவதற்கு நோயும் விலைவீழ்ச்சியும் மட்டுமே காரணமாவதில்லை. விலை ஏறிய வாரத்தில் மகிழ்ச்சி மிகுதியாலும், இறங்கிய வாரத்தில் கலக்கத்தாலும் செய்யப்பட்ட தீர்மானங்களும் காரணமாகின்றன. ஆகையால் இவ்விஷயம் பண்ணையாளரும், கிராம உத்தியோகஸ்தரும் அறிந்திருக்கத் தக்கதாகும்.

நெல் விளைவிப்பவர் விலையைப் பற்றிக் கவலை கொள்வது அறுவடைக் காலத்தில்தான். முட்டைப் பண்ணையாளருக்கோ தினந்தோறும் அறுவடை, தினந்தோறும் விலை. 1982-ம் வருஷத்தில் ஏற்பட்ட தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கென முட்டை விலையை அறிவித்து வருகிறது. அறிவித்த விலையே கைக்கு வந்து சேரும் என்பதுமில்லை. சரக்குத் தேங்கிய காலங்களில் வியாபாரிகள் அதில் ‘மைனஸ்’ என்று ஒரு தொகையைக் குறைத்தே எடுப்பர். அறிவிப்பும் மைனஸும் கைப்பேசி வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடுவதால், பண்ணையாளர் படுக்கைக்குப் போகும்போதும் விலை அவருடன் கூடவே போகிறது.

பத்தாயிரம் கோழிகள் உள்ள ஒரு பண்ணையை எடுத்துக்கொள்வோர், நூற்றுக்கு எண்பத்தைந்து வீதம் முட்டையிடுவதாக வைத்துக் கணக்கிட்டால், நாளொன்றுக்கு 8,500 முட்டைகள் கிடைக்கும். விலை பத்துப் பைசா இறங்கினால் அன்றைய வரவில் 850 ரூபாய் குறையும். ஐம்பது பைசா இறங்கினால் 4,250 ரூபாய். இவ்வளவு தொகை நாள்தோறும் கண்முன் போவதும் வருவதுமாக இருக்கும்போது, எவ்வளவு திடசித்தம் உடையவரும் கலங்குதல் இயல்பே. டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் இரு அறிஞர் 1979-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு தொகையைப் பெறுவதால் உண்டாகும் மகிழ்ச்சியைவிட அதே தொகையை இழப்பதால் உண்டாகும் வருத்தம் பெரிது என்று காட்டினர். இதனின்று பண்ணையாளருக்குப் பெறப்படுவது ஒன்று உண்டு. ஒரு மாதத்தில் விலை பதினைந்து நாள் ஏறிப் பதினைந்து நாள் இறங்கி, கடைசியில் தொடங்கிய இடத்திலேயே நின்றதாயினும், நாள்தோறும் அதைப் பார்த்தவர் மனத்தில் அம்மாதம் நஷ்ட மாதமாகவே பதியும். மாத முடிவில் சராசரியை மட்டும் பார்த்தவருக்கு அந்த வேதனை இல்லை. இருவர் பெட்டியிலும் உள்ள பணம் ஒன்றே.

விலை உயரும் காலத்து ஆபத்து இன்னும் நுட்பமானது. ஏனெனில் அது ஆபத்தாகத் தோன்றுவதில்லை. வட இந்தியாவில் குளிர்காலத்தில் முட்டைத் தேவை மிகுவதால் மார்கழி, தை மாதங்களில் விலை ஏறுவது பெரும்பாலும் நடப்பது. அப்போது பண்ணையாளர் உற்சாகங்கொண்டு புதுக் கொட்டகைக்குக் கடன் எழுதி, குஞ்சுகளுக்கு அச்சாரம் கொடுக்கிறார். மார்கழி நடுவில் இறக்கிய குஞ்சு முட்டையிடத் தொடங்குவதற்கு ஏறக்குறைய இருபது வாரம் ஆகும். அதாவது கோடை வெப்பம் தணியாத வைகாசி. கோழிகள் முழு அளவில் முட்டையிடும் நிலை அடைவது ஆனி, ஆடி மாதங்களில். அதன்பின் எதிர்வருவது வீடுகள் பலவற்றில் முட்டையும் இறைச்சியும் விலக்கப்படும் புரட்டாசி. ஒருவர் மட்டும் இவ்வாறு செய்தால் பாதகமில்லை. அதே விலையைக் கண்ட அத்தனை பேரும் அதே வாரத்தில் குஞ்சு கேட்கின்றனர். ஜெர்மனி தேசத்தில் பன்றி விலையை ஆராய்ந்த ஆர்தர் ஹனாவ் என்பவர் 1920-களின் இறுதியிலேயே இச்சுழற்சியை எடுத்துக் காட்டினார். உயர்ந்த விலை, எல்லாரும் பெருக்குதல், சரக்கு மிகுதி, தாழ்ந்த விலை, எல்லாரும் குறைத்தல், மீண்டும் உயர்ந்த விலை எனச் சக்கரம் சுழலும். பன்றிக்கும் கோழிக்கும் காலஅளவில் பேதம் உண்டேயன்றி, மனித சுபாவத்தில் பேதமில்லை.

விலை தாழ்ந்தபோது செய்யப்படும் பிழைகள் வேறு வகையின. முதலாவது, தீவனத்தில் கைவைப்பது. சோயாப் புண்ணாக்கைக் குறைத்துக் கலவையை மெலிவிப்பதால் சில நாள் செலவு குறைந்ததுபோல் தோன்றும். பின்னர் முட்டையின் எண்ணிக்கையும் எடையும் குறையும். குறைந்த கூட்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் எளிதன்று. இரண்டாவது, இன்னும் பல வாரம் முட்டையிடக்கூடிய கோழிகளை அச்சத்தால் கறிக்குத் தள்ளிவிடுவது. விலை திரும்பும்போது அவர் கொட்டகை வெறுமையாய் இருக்கும். 2006-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் பறவைக் காய்ச்சல் கண்டபோது, தமிழ்நாட்டில் அந்நோய் இல்லாதிருந்தும் இங்கே முட்டையைத் தொடுவார் குறைந்தனர். 2020-ம் வருஷத் தொடக்கத்தில் கோழியினால் கொரோனா பரவும் என்ற பொய்ச் செய்தி வாட்ஸ்அப் வழியாகப் பரவி, விலையை வீழ்த்தியது. இரு முறையும் வீழ்ச்சி உண்மை. அதற்குக் காரணமான பயமோ நிலைக்கவில்லை.

இவ்வலைச்சலைத் தணிப்பதற்கு மனத்தை அடக்குக என்று உபதேசிப்பதால் பயனில்லை. மனம் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அதை மாற்றுவதே வழி. ஒரு பேட்ச் கோழி குஞ்சாய் இறங்கிய நாள் முதல் விற்றுக் கழியும் நாள் வரை சுமார் ஒன்றரை வருஷம் பண்ணையில் இருக்கிறது. லாப நஷ்டம் பார்க்கவேண்டியது அக்கால முழுமைக்குமே. குஞ்சு விலை, வளர்ப்புச் செலவு, முட்டைக் காலத் தீவனம், மருந்து, கூலி, மின்சாரம், வட்டி ஆகியவற்றைக் கூட்டி, முடிவில் கோழி விற்ற தொகையைக் கழித்து, மிஞ்சியதை மொத்த முட்டைக்கு வகுத்தால் ஒரு முட்டையின் அடக்கவிலை தெரியும். சொந்தக்காரர் தமக்கும் மனைவிக்கும் உரிய மாதச் சம்பளத்தையும் இதில் சேர்ப்பது அவசியம், பலர் சேர்ப்பதில்லை. அடக்கவிலையை அறிந்தவர் இன்றைய விலை அதற்குக் கீழே போனாலும், பேட்ச் முழுவதுக்கும் சராசரி எங்கே நிற்கிறது என்று பார்த்துத் தூங்கப் போகலாம். அறியாதவருக்கு ஒவ்வொரு இறக்கமும் முடிவுகாலமாகத் தோன்றும்.

அக்கணக்கே தம் வசத்தில் உள்ளதையும் இல்லாததையும் பிரித்துக் காட்டும். மேற்சொன்ன பண்ணையில் கோழி ஒன்றுக்கு 110 கிராம் வீதம் நாளொன்றுக்கு 1,100 கிலோ தீவனம் செலவாகும். தீவனம் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால், அது முட்டைக்குப் பதின்மூன்று பைசா இறங்கியதற்குச் சமம். தொட்டியினின்று கோழி ஒன்றுக்கு மூன்று கிராம் சிந்தினால் நாளைக்கு முப்பது கிலோ மண்ணில் போகும். முட்டை விலையை எந்தப் பண்ணையாளராலும் ஏற்ற இயலாது. தீவனத் தொட்டியில் எவ்வளவு உயரம் நிரப்புவது என்பதை அன்று மாலையே திருத்தலாம். விலையிறக்கத்தால் கைகால் ஓடாத நாளில் இத்தகைய சிறு வேலையொன்றைச் செய்து முடித்தல் பணத்துக்கும் நல்லது, மனத்துக்கும் நல்லது.

குஞ்சு இறக்குதல், கொட்டகை கட்டுதல், கோழி கழித்தல் ஆகிய பெருந்தீர்மானங்களை விலை நடுத்தரமாயுள்ள ஒரு மாதத்தில் அமைதியாக இருந்து நாட்காட்டியில் குறித்துவிடுவது உத்தமம். குறித்ததை மாற்ற விரும்பினால் பதினைந்து நாள் கழித்து, வீட்டில் கணக்கு அறிந்த மற்றொருவரும் சம்மதித்த பின்பே மாற்றுவது என்று நியமம் வைத்துக்கொள்ளலாம். விலை அடக்கத்துக்கு மேலே உள்ள காலத்தில் முட்டைக்குப் பத்துப் பைசா தனிக் கணக்கில் போட்டு வந்தால், இப்பண்ணைக்கு மாதம் 25,500 ரூபாய் சேரும். தாழ்ந்த காலத்தில் தீவனக்கடைப் பாக்கிக்கு அஞ்சாதிருக்க அதுவே துணை. நல்ல விலையில் வந்த பணத்தைக் கல்யாணச் செலவுக்கும் காருக்கும் பண்ணைப் பெட்டியினின்றே எடுப்போருக்கு இத்துணை வாய்ப்பதில்லை.

முதலாளியின் மனநிலை அவரோடு நிற்பதுமில்லை. பண்ணையிலேயே குடியிருக்கும் வேலைக்காரரும், கணக்கெழுதும் மனைவியும் அவர் முகத்தைப் பார்த்தே அன்றைய விலையை அறிகின்றனர். விலை இறங்கிய நாளில் அவர்களை வைவதால், செத்த கோழிகளின் எண்ணிக்கையை மறைக்கும் வழக்கமே உண்டாகும். நோயின் முதல் அறிகுறி அங்கேதான் தெரியவேண்டியது. கொட்டகைக்குள் எழும் கூச்சல் கோழிகளையும் வெருட்டும் என்பது அனுபவஸ்தர் அறிந்ததே.

தனித்திருந்து கவலைப்படுவதைக் காட்டிலும், நாலைந்து பண்ணையாளர் மாதம் ஒருமுறை கூடித் தத்தம் அடக்கவிலையை ஒளிக்காமல் சொல்லிக்கொள்வது நன்மை தரும். நஷ்டம் தமக்கு மட்டும் என்று எண்ணியவருக்கு அங்கே பாதிப் பாரம் இறங்கும். கூடுமிடம் சங்கக் கட்டடமாகவோ ஊர்ச் சாவடியாகவோ இருக்கட்டும். ஒருவர் பண்ணையில் மற்றவர் நுழைதல் கூடாது. செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் நோய் ஏறி வரும்.

அக்கூட்டத்துக்குத் தவறாது வந்தவர் வராது நிற்பாராயின் அதைக் கவனிக்கவேண்டும். கணக்குப் புத்தகத்தைத் தொடாமை, பல நாள் உறக்கமின்மை, முட்டை எடுக்க வரும் வியாபாரியையும் பார்க்க மறுத்தல், இனி இருந்து என்ன பயன் என்ற பேச்சு ஆகியவை சோம்பலல்ல. உதவி தேவைப்படும் நிலை. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் இத்தகைய வீட்டுக்குப் பாக்கி கேட்கும் காரியமாக அன்றி, சும்மா ஒருமுறை போய் உட்கார்ந்து பேசுதல் தகும். வீட்டிலுள்ள பூச்சிமருந்தைப் பூட்டிவைக்கும்படி குடும்பத்தாரிடம் அந்தரங்கமாகச் சொல்லவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்து வைத்தியரிடம் அழைத்துச் செல்லலாம். 2022-ம் வருஷம் அக்டோபர் மாதம் முதல் டெலி-மானஸ் என்னும் அரசாங்க மனநல உதவிச் சேவை 14416 என்ற எண்ணில் நடைபெறுகிறது. அழைப்புக்குக் கட்டணமில்லை, இரவிலும் பகலிலும் தமிழிலேயே பேசலாம்.