பெயர் மாறினால் மருந்தும் மாறும்
சீன மூலிகை நூல்கள் பெண்களுக்குச் சொல்லும் பாடம்

'மூலிகை மருந்துதானே, நன்மை செய்யாவிட்டாலும் தீமை செய்யாது' என்று சொல்லும் வழக்கம் எம்மிடையே உண்டு. இந்த நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதை பெல்ஜியம் நாட்டுப் பெண்கள் பெரும் விலை கொடுத்து அறிந்துகொண்டார்கள்.

1990ஆம் ஆண்டளவில் பிரசல்ஸ் நகரில் உடல் மெலிவுச் சிகிச்சை நிலையமொன்று தனது மருந்துக் கலவையில் சீன மூலிகைகளைச் சேர்த்தது. சில காலத்தின் பின் அங்கு சிகிச்சை பெற்ற பெண்களின் சிறுநீரகங்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கத் தொடங்கின. 1993இல் மருத்துவர்கள் இதனை உலகுக்கு அறிவித்தார்கள். பாதிக்கப்பட்ட பெண்களின் தொகை நூறைத் தாண்டியது. பலருக்கு இரத்தச் சுத்திகரிப்பும் மாற்றுச் சிறுநீரகமும் தேவைப்பட்டன. வேறு சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கண்டது.

நடந்தது என்ன? சேர்க்க வேண்டிய மூலிகையின் பெயர் ஹான் ஃபாங்ஜி. வந்து சேர்ந்ததோ குவாங் ஃபாங்ஜி. பெயரில் சிறிய வேறுபாடு. ஆனால் செடிகள் முற்றிலும் வேறானவை. இரண்டாவது செடி ஆரிஸ்டலோக்கியா இனத்தைச் சேர்ந்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் அமிலம் ஒன்று அதில் இருக்கிறது. 'ஃபாங்ஜி' என்ற சொல்லை மட்டும் நம்பியதால் வந்த வினை இது.

சீன மூலிகை மருத்துவத்தைக் கற்க விரும்புபவர்களுக்கு ஆதார நூல்கள் ஏன் அவசியம் என்பதை இச்சம்பவம் தெளிவாக உணர்த்துகிறது.

தலைமுறைகள் எழுதிய நூல்கள்

சீனரின் மிகப் பழைய மூலிகை நூல் ஷென்னொங் பென்சாவ் ஜிங். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முந்தைய அறிவைத் திரட்டிய இந்நூல் 365 மருந்துப் பொருட்களை மூன்று தரங்களாகப் பிரிக்கிறது. நீண்ட காலம் உட்கொண்டாலும் கேடு செய்யாதவை எனக் கருதப்பட்டவை முதல் தரம். நச்சுத்தன்மை உள்ளவை கடைசித் தரம். மூலிகையிலும் நஞ்சு உண்டு என்பதை அன்றே அவர்கள் எழுதி வைத்தார்கள். கி.பி. 659இல் தாங் அரச சபையே அறிஞர்களைக் கூட்டி 850 அளவிலான மருந்துகளைக் கொண்ட நூலொன்றை வெளியிட்டது.

இவற்றுள் புகழ்பெற்றது லீ ஷிசென் எழுதிய பென்சாவ் காங்மு. 1518இல் மருத்துவக் குடும்பத்தில் பிறந்த இவர், அரச பரீட்சையில் பலமுறை தோற்றபின் தந்தையின் தொழிலையே ஏற்றார். பழைய நூல்களில் ஒரே செடி இரண்டு பெயர்களிலும், இரண்டு செடிகள் ஒரே பெயரிலும் இருப்பதைக் கண்டார். அதனைத் திருத்துவதற்காகவே 1552இல் எழுதத் தொடங்கி 1578இல் முடித்தார். 1892 மருந்துகளும் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட மருந்து முறைகளும் அதில் அடங்கியுள்ளன. நூல் 1596இல் அச்சேறியபோது அவர் உயிரோடு இல்லை. 2011இல் யுனெஸ்கோ இந்நூலை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது.

ஆயினும், இப்பழைய நூல்களில் உள்ள யாவும் இன்று பின்பற்றத்தக்கவை அல்ல. அவை வரலாற்றைக் கற்பதற்கு உரியவை. மருந்து கொடுப்பதற்கு இன்றைய நூல்களே வேண்டும்.

பாட்டியிடம் கற்ற பெண் மருத்துவர்

பெண்கள் அறிய வேண்டிய இன்னொரு பெயர் தான் யுன்ஷியன். 1461இல் பிறந்த இவருக்கு மருத்துவம் கற்பித்தவர் அவரது பாட்டி. ஆண் மருத்துவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாத நோய்களோடு பெண்கள் இவரைத் தேடி வந்தார்கள். தான் குணப்படுத்திய பெண்களின் 31 நோய் வரலாறுகளைத் தொகுத்து 1511இல் நூலாக்கினார். மாதவிடாய்க் கோளாறு, கருச்சிதைவு, ஓயாத வேலையால் வந்த களைப்பு, துயரத்தால் வந்த நோய் எல்லாம் அதில் உண்டு. அன்றைய பெண்களின் வாழ்க்கையை அறியவும் அது ஒரு சான்று. 2015இல் ஆங்கிலத்திலும் வெளிவந்துள்ளது.

பழைய ஏட்டில் புதிய மருந்து

பழைய நூலை எப்படி வாசிக்க வேண்டும் என்று காட்டியவரும் ஒரு பெண்ணே. 1969இல் மலேரியா மருந்து தேடும் சீன அரசின் ஆய்வில் இணைந்த து யூயூ, இரண்டாயிரம் அளவிலான பழைய மருந்து முறைகளைத் திரட்டினார். சிங்ஹாவ் என்ற மூலிகை நல்ல பலனைக் காட்டினாலும் அப்பலன் நிலைக்கவில்லை. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கெ ஹொங் என்பவரின் நூலை மீண்டும் பார்த்தார். அங்கே மூலிகையைக் காய்ச்சும்படி சொல்லப்படவில்லை. நீரில் ஊறவைத்துப் பிழியும்படியே இருந்தது. வெப்பம்தான் மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் சாற்றைப் பிரித்தார். ஆர்ட்டிமிசினின் என்ற மருந்து 1972இல் கிடைத்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இங்கும் பெயர்ச் சிக்கல் இருந்தது. சிங்ஹாவ் என்ற பெயரில் வழங்கிய செடிகளுள் ஆர்ட்டிமீசியா அனுவா என்பதில் மாத்திரமே மருந்து போதிய அளவில் இருந்தது. அத்துடன், பரிசோதித்துத் தயாரித்த குளிசைக்குப் பதிலாக இச்செடியை அவித்துக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை.

இன்று கற்போருக்கு

ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் பெரிதும் கையாளும் நூல் டான் பென்ஸ்கி குழுவினரின் சீன மூலிகை நூலாகும். முதற்பதிப்பு 1986இலும் மூன்றாம் பதிப்பு 2004இலும் வந்தன. மருந்துகளைக் கலக்கும் முறைக்கு அதே குழுவினரின் வேறொரு நூல் உண்டு. மருத்துவ அடிப்படைகளுக்கு ஜியோவானி மச்சோச்சியாவின் நூல் 1989இல் வெளிவந்தது. இவற்றுக்கு மேலாக, சீன அரசு காலத்துக்குக் காலம் திருத்தி வெளியிடும் மருந்து நியம நூல் உள்ளது. அதன் 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆரிஸ்டலோக்கியா இன மருந்துகள் இரண்டு நீக்கப்பட்டன. எனவே பழைய பதிப்பை மட்டும் வைத்துக் கற்பது போதாது.

நல்ல நூலில் ஒவ்வொரு மூலிகைக்கும் சீனப் பெயருடன் தாவரவியல் பெயரும் இருக்கும். பயன்படும் பகுதி, சூடா குளிர்ச்சியா என்ற தன்மை, சுவை, அளவு, சேரக்கூடாத மருந்துகள், கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டியவை ஆகியனவும் இருக்கும். பச்சை இஞ்சியும் சுக்கும் அங்கே தனித்தனி மருந்துகள். எமக்குப் பழக்கமான அதிமதுரமும் சீனரின் முக்கிய மருந்து. அளவு மீறினால் அது இரத்த அழுத்தத்தைக் கூட்டும். பெண்களுக்கென விற்கப்படும் தாங்குவெய் என்னும் வேர், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ஆகாது.

எமது நாட்டில் அறியப்பட்ட ஆடுதின்னாப்பாளையும் ஈச்சுரமூலியும் ஆரிஸ்டலோக்கியா இனத்தைச் சேர்ந்தவையே. இவ்வினச் செடிகள் அடங்கிய மூலிகை மருந்துகள் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2002இல் வகைப்படுத்தியது. ஆகவே கைமருந்தாக இவற்றை உட்கொள்ள வேண்டாம்.

சகோதரிகளே, உடல் மெலிவதற்கோ மாதவிடாய்க்கோ மூலிகைப் பொட்டலம் ஒன்றை வாங்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதிலுள்ள செடிகளின் தாவரவியல் பெயர் என்ன? எந்தப் பகுதி சேர்க்கப்பட்டுள்ளது? யார் இதனை எடுக்கக்கூடாது? விடை கிடைக்காவிட்டால் வாங்காதீர்கள். ஏற்கெனவே பாவித்து வந்தால், பொட்டலத்தை எறியாமல் வைத்திருந்து உங்கள் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வீட்டிலுள்ள பாட்டி சொல்லும் கைமருந்துகளையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். செடியின் பெயரோடு அதன் இலையையும் பூவையும் காய வைத்து ஒட்டி, பதிவு பெற்ற சித்த வைத்தியர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக் கொள்ளுங்கள். அடுத்த தலைமுறை பெயர் மாறாமல் மருந்தை அறிந்துகொள்ள அந்தக் கொப்பி உதவும்.