ஆரத்தியைச் சிவக்க வைத்தது யார்?

குட்டீஸ், கான்சாபுரமோ ராஜபாளையமோ, கல்யாண வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் தண்ணீரில் வெற்றிலைச் சுண்ணாம்பைப் போட்டுக் கலக்கினால் குப்பென்று சிவந்துவிடும்! சிவந்தது சுண்ணாம்பாலா, கலக்கியதாலா?

மூன்று கிண்ணங்களில் ஒரே அளவு மஞ்சள் தண்ணீர் எடுங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர், அடுத்ததில் சுண்ணாம்புத் தண்ணீர், மூன்றாவதில் துணி சோப்பு கரைத்த தண்ணீர் விட்டு, மூன்றையும் ஒரே மாதிரி கலக்குங்கள். (சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. அதை மட்டும் பெரியவர்கள் ஊற்றட்டும்.) என்ன நடக்கும் என்பதை முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள். பார்த்துவிட்டு எழுதினால் அது போங்கு ஆட்டம்!

முதல் கிண்ணத்தையும் கலக்கினோம், சிவக்கவில்லை. ஆக, கலக்கியது காரணமில்லை. ஆனால் சோப்புத் தண்ணீரும் சிவக்கிறதே, அதில் சுண்ணாம்பா இருக்கிறது? இல்லை. இரண்டுக்கும் பொதுவானது காரத்தன்மை. மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும். சந்தேகமா? எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். அதன் அமிலம் காரத்தை முறித்ததும் பழைய மஞ்சள் நிறம் திரும்பிவிடும்!

ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி 1664-இல் வெளியிட்ட நூலில், வயலெட் பூச்சாற்றை வைத்து இதேபோல் அமிலத்தையும் காரத்தையும் பிரித்துக் காட்டினார்.

சரி, உங்கள் வீட்டுச் செம்பருத்திப் பூச்சாறு எலுமிச்சையில் என்ன நிறமாகும், சோப்புத் தண்ணீரில் என்ன நிறமாகும்? முதலில் நோட்டை எடுங்கள்!