பதவியும் பக்தியும்

அரசுப் பதவியும் பக்தி வாழ்வும் ஒத்துவாரா என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. அமெரிக்கக் கத்தோலிக்கரான சார்ஜன்ட் ஷ்ரைவரின் வாழ்வு அவர்களுக்குத் தக்க மறுமொழியாகும். சார்ஜன்ட் என்பது அவரது பெயரே, படைப்பதவி அன்று.

1915-இல் மேரிலாந்தில் பிறந்த அவர் போரை விரும்பாதவர். எனினும் கடமையென உணர்ந்து கடற்படையில் சேர்ந்தார். 1942 நவம்பரில், குவாடல்கனால் கடற்போரில் 'சவுத் டக்கோட்டா' கப்பலில் காயமுற்றார். உடனிருந்தோர் பலர் மாண்டனர், அவர் பிழைத்தார்.

பிழைத்த உயிரைப் பிறருக்கென்றே செலவிட்டார். 1961-இல் குடியரசுத் தலைவர் கென்னடி, தம் மைத்துனராகிய இவரிடம் அமைதித் தொண்டர் படையை ஒப்படைத்தார். படைக்கலம் ஏந்தாத அத்தொண்டர்கள் ஆசிரியர்களாகவும் உழவர்தம் துணைவர்களாகவும் பல நாடுகளில் உழைத்தனர். 1976 வரை நம் நாட்டிலும் பணிபுரிந்தனர். பின்னர் வறுமை ஒழிப்புப் பணிக்குத் தலைமை தாங்கிய ஷ்ரைவர், ஏழைக் குழந்தைகள் பள்ளி செல்லுமுன்பே கல்வியும் உணவும் மருத்துவமும் பெற, 1965-இல் 'ஹெட் ஸ்டார்ட்' திட்டத்தைத் தொடங்கினார்.

இத்தனை அலுவல்களிடையிலும் நாள்தோறும் திருப்பலி காண்பது அவர் வழக்கம். 2011-இல் இறைவனடி சேர்ந்தார்.

நம் இல்லங்களிலிருந்தும் பிள்ளைகள் அரசுப் பணிக்குச் செல்கின்றனர். பீடத்தில் கண்ட ஆண்டவரை, அலுவலக வாயிலில் மனுவோடு காத்து நிற்கும் ஏழையிடமும் காண அவர்களுக்குக் கற்பிப்போமாக.