கடையின் தலைச்சரக்கு

மாலை வியாபாரம் சற்று ஓய்ந்ததும் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பக்கத்துத் தெரு உணவகத்துக்குப் போய்வருவது நம் சேலம், நாமக்கல் பகுதிகளிலும் வழக்கமாகிவிட்டது. தட்டுவடை செட்டும் பரோட்டாவும் கேட்ட பிள்ளைகள் இன்று ஷவர்மா, மந்தி, குப்பூஸ் என்கிறார்கள். கம்பியில் குத்திய கோழி நெருப்பெதிரே சுழல்வதை வேடிக்கை பார்க்க நமக்கும் ஆசைதான்.

அரபுச் சமையலின் மேற்குக் கோடியில் இருப்பது மொராக்கோ. அந்நாட்டு உணவில் மளிகைக்காரர் அறிய வேண்டிய ஒரு பெயர் உண்டு. 'ராஸ் எல் ஹனூத்' என்பது அங்குள்ள புகழ்பெற்ற மசாலாக் கலவை. அரபு மொழியில் அதற்குக் 'கடையின் தலை' என்று பொருள். ஒவ்வொரு கடைக்காரரும் தம்மிடமுள்ள உயர்ந்த சரக்கைத் தம் கைப்பக்குவத்தில் கலந்து தருவார். கடைக்குக் கடை மணம் மாறும். சீரகம், இஞ்சி, மஞ்சள், பட்டை, ஏலம், ஜாதிக்காய் என்று அதில் சேரும் பெரும்பாலான பொருள்கள் நம் லீ பஜாரிலும் உள்ளவையே. அவர்கள் ரவையை நீர் தெளித்து உருட்டி, ஆவியில் வேகவைத்து உண்ணும் 'கூஸ்கூஸ்' பார்வைக்கு நம் ஜவ்வரிசிக்குத் தம்பி போல இருக்கும். 2020-ல் யுனெஸ்கோ அதை மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, மொரிட்டானியா ஆகிய நான்கு நாடுகளின் பொதுப் பாரம்பரியமாகப் பட்டியலில் சேர்த்தது.

சமைப்பவர் யாராயினும், அந்தத் தட்டின் பெருமை சரக்குக் கொடுத்த கடைக்காரரையும் சேரும் என்பதையே அந்தப் பெயர் சொல்கிறது. பெருமை சேருமானால் பழியும் சேரத்தானே வேண்டும்?

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் நடந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. ஷவர்மா உண்ட 14 வயதுச் சிறுமி உயிரிழந்தாள். அதே கடையில் சாப்பிட்ட நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தனர். மாவட்ட நிர்வாகம் ஷவர்மா, கிரில் கோழி விற்பனைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. ஒழுங்காக நடத்தியவர்கள் கடையிலும் அந்த நாட்களில் அடுப்பு எரியவில்லை.

பின்னர் பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது. முட்டையும் எண்ணெயும் அடித்துச் செய்யும் அந்த வெள்ளைக் குழம்பு அடுப்பையே காண்பதில்லை. முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருந்தால் அது அப்படியே வயிற்றுக்குள் போகும். முட்டைக்குப் பெயர் பெற்ற ஊர்க்காரர்களாகிய நமக்கு இது வெறும் செய்தியன்று.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். கீறல் விழுந்த முட்டைகளைத் தனியே எடுத்து வைத்து, விலை குறைத்து உணவகங்களுக்குத் தள்ளிவிடும் பழக்கம் என் கடையிலும் இருந்தது. நட்டம் குறைகிறதே என்று நினைத்தேன். அந்தச் சிறுமியின் செய்தியைப் படித்த அன்றே நிறுத்தினேன். கீறல் வழியே கிருமி நுழையும் என்பது எனக்கு அதற்கு முன்பும் தெரியாததன்று.

அண்மையில் எங்கள் தெருக் கடைக்குப் பேரனுடன் போயிருந்தேன். முதலாளி நம்மிடம் சரக்கு எடுப்பவர்தான். "ஏனுங்கண்ணா, இப்பல்லாம் கீறல் முட்டை அனுப்பறதே இல்லீங்களே?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், "அதுவும் சரிதானுங்க. நானும் ராத்திரி மிஞ்சற கறியை எடுத்து வெக்கறதில்லீங்க" என்றார். அன்று பேரன் சாப்பிடுவதை நிம்மதியாகப் பார்த்தேன்.

உணவகங்களுக்குச் சரக்குக் கொடுக்கும் அன்பர்கள் சிலவற்றைக் கவனிக்கலாம். உணவுப் பாதுகாப்பு உரிமமோ பதிவோ உள்ள கடைக்கே, பில் போட்டுக் கொடுங்கள். நாளைக்குப் பிரச்சினை வந்தால் அந்தப் பில்தான் உங்களுக்குச் சாட்சி. காலாவதியை நெருங்கிய சாஸ், மசாலா பாக்கெட்டுகளைத் தள்ளுபடி என்று தள்ளிவிடாதீர்கள். கீறல் முட்டையைக் கழித்துவிடுங்கள்.

வாடிக்கையாளராகப் போகும்போதும் கண்ணைத் திறந்து வையுங்கள். கோழிக்கறி உள்ளே 75 டிகிரி சூடேறி வேக வேண்டும். சூடாக வைக்கும் பண்டம் 60 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது. குளிரில் வைப்பது 5 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது. கூட்டம் குறைந்த நேரத்தில் அடுப்பைத் தணித்துவிட்டு, கறியைக் கம்பியிலேயே தொங்கவிட்டிருந்தால் அங்கே உட்கார வேண்டாம்.

பாக்கி வசூலாகவில்லை என்றால் அடுத்த மாதம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். போன உயிரை எந்தப் பேரேட்டிலும் வரவு வைக்க முடியாது. மொராக்கோ மளிகைக்காரர் தம் கடையின் தலைச்சரக்கைத்தான் அடுத்த வீட்டு அடுப்புக்குக் கொடுக்கிறார். நாமும் அப்படியே கொடுப்போம்.