கை வறண்ட மாதத்தில் மனசைக் காப்பது எப்படி?

ஐப்பசியில் நல்ல மழை பெய்தால், சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் ஒரே வீட்டுக்குள் இரண்டு முகங்களைப் பார்க்கலாம். மானாவாரிக் காட்டில் மக்காச்சோளமோ உளுந்தோ போட்டவர் முகத்தில் சிரிப்பு. பட்டாசு ஆலைக்குப் போகிறவர் முகத்தில் கவலை. ஈரக்காற்றில் வெடி காயாது. காயவைக்கும் மேடை காலியாகக் கிடக்கும். வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. கணவர் காட்டைப் பார்க்க, மனைவி ஆலைக்குப் போகும் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் நிறைய உண்டு. மழை ஒரு கையில் கொடுத்து மறு கையில் பிடுங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். தீபாவளிக்கு முன் வரும் போனஸ் துணிமணி, பழைய பாக்கி என்று பறந்துவிடும். தீபாவளி முடிந்ததும் ஆலைகளுக்கு விடுமுறை. பூஜை போட்டுத் திறக்கும் வரை சனிக்கிழமைச் சம்பளம் கிடையாது. காட்டிலோ அந்த நேரம் செலவு மட்டும்தான். களை எடுக்க ஆள் கூலி, மேலுரம், படைப்புழுவுக்கு மருந்து, ராத்திரியில் பன்றிக் காவல். கதிர் ஒடித்துக் காசு பார்ப்பது தை, மாசியில்தான். ஆக, ஐப்பசிக் கடைசியிலிருந்து மார்கழி முடியும் வரை இரண்டு பையும் ஒரே நேரத்தில் காலி.

அந்த இரண்டரை மாதத்தில் வீட்டுக்குள் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாம்பாரில் உப்பு கூடினாலும் சண்டை. பையன் நோட்டு வாங்கக் காசு கேட்டால், "எப்பப் பாரு காசு காசுன்னு…" என்று கையை ஓங்குவது. பம்பு செட் மோட்டாரை அணைக்க மறப்பது. கூட்டுறவுச் சங்கத்தில் கட்ட வேண்டிய தேதியைத் தவறவிடுவது. நூற்றுக்குப் பத்து வட்டி என்று தெரிந்தே கையெழுத்துப் போடுவது. பிறகு ராத்திரி விழித்துக் கிடந்து, "நான் ஒரு உதவாக்கரை" என்று தன்னையே நொந்துகொள்வது.

அந்தக் கடைசி வாக்கியம் உண்மையா? தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஓர் ஆய்வு இதற்கு வேறு பதில் சொல்கிறது.

அதே ஆள், வேறு மாதம்

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆய்வாளர்கள் சந்தித்தார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் சேர்ந்து எழுதிய இந்த ஆய்வு, 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. ஒவ்வொரு விவசாயியையும் இரண்டு முறை சோதித்தார்கள். கரும்பு வெட்டுவதற்கு முன், கை வறண்டிருக்கும்போது ஒரு முறை. வெட்டிப் பணம் கைக்கு வந்தபின் ஒரு முறை.

வெட்டுக்கு முன் இவர்களில் 100-க்கு 78 பேர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் அது 100-க்கு 4. கரும்பு போட்டவர்களுக்கு இந்தக் கணக்கில் ஆச்சரியம் இருக்காது.

ஆச்சரியம் அடுத்ததில்தான். படங்களின் வரிசையைப் பார்த்து, விடுபட்ட படம் எது என்று கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். எழுத்தறிவு தேவைப்படாத புதிர்கள் அவை. வெட்டுக்குப் பின் 10-க்குச் சராசரி 5.45 சரியாகச் சொன்னவர்கள், வெட்டுக்கு முன் 4.35தான் சொல்லியிருந்தார்கள். இன்னொரு சோதனை விளையாட்டு போல இருக்கும். '5 5 5' என்று எழுதிக் காட்டுவார்கள். எத்தனை எண்கள் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். பதில் 3. ஆனால் வாய் '5' என்று சொல்லத் துடிக்கும். அதை அடக்கிச் சரியான பதிலைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் கணக்கு. பணம் வந்தபின் 131 விநாடியில் முடித்தவர்களுக்கு, பணம் வருமுன் 146 விநாடி ஆனது. தவறுகளும் கூடின. வீட்டில் பையன்மேல் ஓங்கும் கையை அடக்குவதற்கும் இதே அடக்கும் திறன்தான் தேவை என்பதைக் கவனியுங்கள்.

சந்தேகம் வரலாம். வெயில், வேலைப் பளு என்று வேறு காரணம் இருக்கக்கூடாதா? கரும்பில் ஒரு வசதி உண்டு. ஆலை கொடுக்கும் வெட்டு உத்தரவு ஒருவருக்கு முன்னும், பக்கத்து வயல்காரருக்கு இரண்டு மாதம் பின்னும் வரும். அதனால் ஒரே மாதத்தில் பணம் வந்தவரும் வராதவரும் இருந்தார்கள். மாதத்தைக் குற்றம் சொல்ல முடியவில்லை. சாப்பாட்டுக் குறைவோ உடல் அசதியோ காரணமாகத் தெரியவில்லை என்பதே ஆய்வாளர்களின் முடிவு. பணமுடை மனசின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. மற்ற யோசனைகளுக்கு மிச்சம் இருக்கும் இடம் குறைகிறது என்றார்கள். ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் இருப்பவரின் நிலைக்கு இதை ஒப்பிட்டார்கள்.

இந்தக் கணக்கைச் சில அறிஞர்கள் கேள்வி கேட்டதும் உண்டு. பிறகு வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே அளவு பாதிப்பைக் காட்டவில்லை. புத்தி இத்தனை மார்க் குறைந்துவிடும் என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. நமக்குத் தேவையானது அதிலுள்ள அடிப்படை மட்டும்: ஆள் மாறவில்லை, மாதம் மாறியிருக்கிறது.

ராத்திரி விழிப்பு வந்து "நான் உதவாக்கரை" என்ற நினைப்பு எழும்போது, "இது கார்த்திகை" என்று மனசுக்குள் திருத்திக்கொள்வது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. நடப்பை நடப்பாகச் சொல்வது. தன்னைத் திட்டிக்கொள்பவர் அடுத்த நாள் இன்னும் மோசமாகத்தான் யோசிப்பார். மாதத்தைக் காரணம் சொல்பவருக்கு, அந்த மாதத்துக்கு என்ன ஏற்பாடு செய்யலாம் என்ற கேள்வியாவது பிறக்கும்.

ஆலைக்குள் போகும் கவலை

இதில் நாரணாபுரம் போன்ற ஊர்களுக்குத் தனி ஆபத்து ஒன்று இருக்கிறது. மருந்து கலக்கும் அறையிலும் செலுத்தும் அறையிலும் கவனம் சிதறினால் விலை உயிர். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 30 பேருக்கு மேல் இறந்ததை இந்த வட்டாரம் மறக்கவில்லை. விபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்று கையைத் தட்டிவிடும் பேச்சை இங்கே ஏற்க முடியாது. அறையில் அளவுக்கு மீறிய ஆட்கள், அளவுக்கு மீறிய மருந்து, மரத்தடியில் வேலை, உள்குத்தகை இவையெல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. ஆனாலும் வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காலையில் வேலைக்குக் கிளம்புகிறவரிடம் கடன் பேச்சை எடுக்காதீர்கள். தவணைக்காரர் வந்துபோனதை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னால் எதுவும் குடி மூழ்கிவிடாது.

முடிவு எடுக்க மாசி

ஏற்பாடு என்று வந்தால் முதலாவது, பெரிய முடிவுகளைக் கை வறண்ட மாதத்திலிருந்து வெளியே தள்ளுவது. மாட்டை விற்பது, டிராக்டருக்குத் தவணை போடுவது, கல்யாணத்துக்கு இத்தனை பவுன் என்று வாக்குக் கொடுப்பது, பிள்ளையின் படிப்பை நிறுத்துவது இவற்றில் எதுவும் கார்த்திகையில் முடிவாக வேண்டாம். "தை பிறக்கட்டும், பேசுவோம்" என்பது நம் ஊரில் எல்லோரும் மதிக்கிற சாக்கு. அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

அதேபோல, கார்த்திகைக்கு வேண்டியதை மாசியிலேயே கட்டிவைப்பது. மேற்குக் கென்யாவில் மக்காச்சோள விவசாயிகளிடம் ஒரு சோதனை நடந்தது. உரம் வாங்க வேண்டும் என்று அறுவடையின்போது எல்லோரும் நினைத்தார்கள். உரம் போடும் நேரத்தில் பலர் கையில் காசில்லை. அறுவடை முடிந்த கையோடு ஒருவர் வீட்டுக்கே வந்து, "இப்போதே பணம் கட்டுங்கள், உரத்தை வீட்டில் கொண்டுவந்து இறக்குகிறோம்" என்று சொன்னபோது உரம் போட்டவர்கள் எண்ணிக்கை கூடியது. உரத்தின் விலை அதேதான், மாறியது கேட்ட நேரம். மக்காச்சோளம் விற்ற வாரத்திலேயே அடுத்த விதைப்புக்கான பணத்தை எளிதில் எடுக்க முடியாத ஒரு கணக்கில் ஒதுக்கி வைப்பது, ஸ்கூல் பீஸை முன்கூட்டியே கட்டுவது, அடகு நகையில் ஒன்றையாவது திருப்புவது இவையெல்லாம் அந்த வகைதான்.

தேதிகளை மனசில் வைத்துக்கொள்ளவே கூடாது. பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி பல பயிர்களுக்கு இதே வறண்ட காலத்தில்தான் வருகிறது. ராபி உணவுப் பயிர்களுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான், அதைக் கட்ட மறந்து மொத்தத்தையும் இழந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சங்கத்துப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை; தவறினால் உண்டு. இரண்டு தேதியையும் சுவர்க் காலண்டரில் பெரிதாக வட்டம் போட்டு, எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் நினைவூட்டும் பொறுப்பைக் கொடுங்கள். பிள்ளைகள் இந்த வேலையைப் பெரியவர்களைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

ஒரே நோட்டு

மகளிர் குழுவில் கடன் எடுத்ததை வீட்டுக்காரரிடம் சொல்லாத பெண்கள் உண்டு. மனைவியின் நகையை மறு அடகு வைத்ததைச் சொல்லாத ஆண்கள் அதைவிட அதிகம். கடனைவிட ஒளிப்பதுதான் மனசை அதிகம் அரிக்கிறது. தவணைக்காரர் வண்டிச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும். வாசலில் என்ன பேசுவாரோ என்ற பயம் வேறு.

சொல்வதற்கும் நேரம் பார்க்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி வேண்டவே வேண்டாம். சம்பளம் வந்த களைப்பு, சிலருக்கு டாஸ்மாக் போய்வந்த வேகம். ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, பிள்ளைகள் விளையாடப் போனதும் உட்காரலாம். "ஏங்க, குழுவுல எடுத்தது இன்னும் எட்டு வாரம் பாக்கி இருக்கு. உங்ககிட்ட மறைக்கிறது எனக்குப் பாரமா இருக்கு. நீங்க வாங்கினதையும் சொல்லுங்க, சேர்த்து எழுதிருவோம்" என்ற அளவு போதும். எதற்காக வாங்கினாய் என்ற விசாரணையை முதல் ஞாயிறு தொடங்கக் கூடாது. யாருக்கு, எவ்வளவு, எந்தக் கிழமை என்ற மூன்றை மட்டும் ஒரே நோட்டில் எழுதினால் போதும். குரல் ஏறினால் நோட்டை மூடிவிட்டு, அடுத்த ஞாயிறு தொடரலாம்.

ராத்திரிக் கவலைக்கும் இதே நோட்டு உதவும். மாலையில் ஒரு அரை மணி நேரத்தைக் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்கி, வந்ததை எல்லாம் எழுதுவது; மற்ற நேரத்தில் கவலை தலைகாட்டினால் "உனக்கு ஆறு மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறது" என்று தள்ளிப்போடுவது மனநல ஆலோசகர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் முறை. கேட்கச் சிரிப்பாக இருக்கும். பத்து நாள் செய்து பார்த்துவிட்டுச் சிரிக்கலாம். தூக்கத்துக்காகக் குடிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாராயம் சீக்கிரம் கண்ணை மூட வைக்கும். பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்து மூன்று மணிக்கு எழுப்பிவிடும்.

பூட்டி வைக்க வேண்டிய மருந்து

சிவகாசி வட்டாரத்தில் 'மருந்து' என்றால் மூன்று பொருள். ஆலையில் வெடிமருந்து, காட்டில் பூச்சிமருந்து, ஆஸ்பத்திரியில் மாத்திரை. முதலாவதைப் பூட்டி வைக்கச் சட்டம் இருக்கிறது. இரண்டாவது பல வீடுகளில் குதிர் ஓரத்திலோ குளியலறை மாடத்திலோ திறந்தே கிடக்கிறது.

உயிரை விடலாம் என்ற நினைப்பு பெரும்பாலும் அலை போல வந்து தணிவது. அந்த நேரம் கைக்கெட்டும் தூரத்தில் பாட்டில் இல்லாவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள், பிறகு நன்றாக வாழவும் செய்கிறார்கள். சென்னையில் 1986-ல் தொடங்கிய 'ஸ்நேகா' அமைப்பைச் சேர்ந்தவர்கள், மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தலைமையில், கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் பக்கம் இதைச் செய்து பார்த்தார்கள். கிராமத்தில் பொதுவான ஒரு கட்டடம். அதற்குள் விவசாயிகளுக்குத் தனித்தனிப் பெட்டி, தனித்தனிச் சாவி. மருந்தை அங்கே வைத்துத் தேவைக்கு எடுத்துப்போனார்கள். ஒன்றரை ஆண்டுக்குப் பின் பார்த்தபோது, அந்த ஊர்களில் பூச்சிமருந்தால் நடந்த தற்கொலைகளும் முயற்சிகளும் குறைந்திருந்தன. இலங்கையில் 1995 முதல் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தபின் தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது, விளைச்சல் குறையவில்லை. தமிழ்நாடு அரசும் 2022 இறுதியில் மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி மருந்தை நிரந்தரமாகத் தடை செய்தது.

நாரணாபுரத்தில் பொதுக் கட்டடம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தகரப் பெட்டி, ஒரு பூட்டு, காட்டு மோட்டார் ரூம். சாவி வீட்டில் மன உளைச்சலில் இல்லாதவரிடம். தேவைக்கு மேல் ஒரு பாட்டில்கூட வாங்கிச் சேர்க்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை, "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நல்லது" என்ற பேச்சு வருகிறது என்றால், தை வரை காத்திருக்கலாம் என்ற விதி இங்கே செல்லாது. அவரைத் தனியே விடாமல், அன்றே அழைத்துப் போக வேண்டும். மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டத்திலும் நடக்கிறது; விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்கலாம். 'டெலி மானஸ்' இலவச எண் 14416. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். பேச வாய் வராதவருக்காக வீட்டில் உள்ளவர் கூப்பிட்டாலும் அவர்கள் வழி சொல்வார்கள். ஆலைக்கும் காட்டுக்கும் போன் எடுத்துப் போகாத குடும்பங்கள், அந்த எண்ணைக் கடன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கலாம்.